பட்டமளிப்பு மேடையும் இமாம் கஸ்ஸாலியின் கடிதமும்

ஷஅபான் மாதம் பிறந்துவிட்டால் பாலாற்றுக் கரையூர்களில் பட்டமளிப்பு விழாக்களின் காலம் தொடங்கிவிடுகிறது. வேலூரிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தெருச் சுவர்கள்தோறும் சுவரொட்டிகள் தோன்றுகின்றன. வருகை தரும் பெரியோர்களின் பெயர்கள் அவற்றில் பேரெழுத்துகளில் விளங்கும். ஆண்டுக்கணக்கில் ஓதி முடித்து ஸனது பெறவிருக்கும் மாணவர்களின் பெயர்களைக் காண வேண்டுமாயின், சுவரொட்டியின் அடிப்பகுதியைக் கண்களைச் சுருக்கிக்கொண்டு நோக்க வேண்டும். யாருக்காக விழா எடுக்கப்படுகிறதோ அவர்களுக்கே அவ்விழாவில் கடைசி இடம் கிடைக்கிறது. விழா மேடையிலும் இதே முறைதான். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகிப்போர் உரை, வாழ்த்துரை என இரவு வளர்ந்து, தலைப்பாகை அணிவிக்கும் வேளை வரும்போது பந்தலில் பாதிப்பேர் உறங்கியிருப்பர்.

சென்ற ஆண்டு இத்தகைய விழா ஒன்றில் உரையாற்றுமாறு நம்மையும் அழைத்தனர். ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் செல்லும் வழியில் அமைந்த சிறியதொரு மதரஸா அது. ஸனது பெறுவோர் எழுவர். அழைக்க வந்த நிர்வாகி, "ஹஜ்ரத், பிள்ளைகள் ஆயுசுக்கும் மறக்காதபடி நாலு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்" என்று கேட்டுக்கொண்டு போனார். நாலு வார்த்தை என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எந்த நாலு வார்த்தை என்று எண்ணத் தொடங்கியபோதுதான் அதன் பாரம் நமக்குத் தெரிந்தது.

அதற்கு ஒரு காரணமும் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு முன் நாம் ஸனது பெற்ற நாளில், மாணவர்கள் சார்பில் பேசும் பொறுப்பு நமக்கு வாய்த்தது. வியாழன் இரவுகளில் நடக்கும் மாணவர் மன்றத்தில் நாம் ஓரளவு நன்றாகப் பேசுபவர் என்று பெயர் வாங்கியிருந்தோம். ஆகவே இரண்டு மாத காலம் உழைத்து, சொற்பொழிவு நூல்கள் மூன்றிலிருந்து அழகிய பகுதிகளைத் திரட்டி, எதுகை மோனையோடு கோத்து, இடையிடையே அரபி அடுக்குத் தொடர்களையும் பதித்து, முழுவதையும் மனப்பாடம் செய்தோம். மேடையேறிய ஐந்தாம் நிமிடத்தில் ஒரு தொடர் மறந்துபோயிற்று. முந்திய தொடரை மும்முறை திருப்பிச் சொன்னோம். பின்வரிசையில் சிரிப்பொலி எழுந்தது. முன்வரிசையில் அமர்ந்திருந்த நம் வாப்பா தலைகுனிந்ததைக் கண்டோம். ஸலாம் கூறி இறங்கிவிட்டோம். மறுநாள் விடைபெறச் சென்றபோது நம் உஸ்தாத் அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. "மறந்துபோனதைப் பற்றிக் கவலைப்படாதே. நீ பேசியதில் உன்னுடைய பேச்சு எது?" என்று மட்டும் கேட்டார்கள். அன்று நம்மிடம் விடை இல்லை.

எனவே, இம்முறை பேனாவை எடுக்குமுன், கல்வி முடித்து வெளியேறுவோர்க்கு முன்னோர் எவ்வாறு உரைத்தனர் என்று சற்றுப் புரட்டிப் பார்க்கலானோம். அவ்வாறு கண்டவற்றுள் சிலவற்றையே வாசகர்களோடு ஈண்டுப் பகிர்ந்துகொள்கிறோம்.

அரபு மக்கள் சொல்வன்மையில் பெருமை கொண்டவர்கள் என்பது யாவரும் அறிந்ததே. குத்பா எனும் மேடையுரைக்கு அவர்கள் இலக்கணமே வகுத்தனர். இறைப்புகழால் தொடங்குதல், ஸலவாத்து, பின்னர் 'அம்மா பஅது' என்று பொருளுக்குள் புகுதல் என்பது அதன் அமைப்பு. ஹிஜ்ரி 45இல் பஸராவின் ஆளுநராக வந்த ஸியாத் இறைப்புகழைக் கூறாமலே பேசியதால், அவ்வுரைக்கு 'வாலறுந்த உரை' எனும் பொருள்படப் 'பத்ரா' என்று பெயர் வைத்துவிட்டனர். ஹிஜ்ரி 131இல் மறைந்த வாஸில் இப்னு அதாவுக்கு 'ரா' எனும் எழுத்து நாவில் வராது. அவர் அவ்வெழுத்தே இடம்பெறாத சொற்களாகத் தேர்ந்து ஒரு முழு குத்பாவையும் நிகழ்த்தினார். இத்தகைய செய்திகளையெல்லாம் பஸராவின் பேரறிஞர் ஜாஹிழ், பேச்சுக்கலை பற்றிய தம் பெருநூலில் சுவைபடத் தொகுத்திருக்கிறார்.

ஆயினும் இஸ்லாம் இக்கலைக்கு ஒரு கடிவாளமும் இட்டது. அம்மார் இப்னு யாஸிர் (ரலி) அவர்கள் ஒருமுறை மிகச் சுருக்கமாக உரையாற்றி இறங்கினார்கள். இன்னும் சற்று நீட்டியிருக்கலாமே என மக்கள் கேட்டபோது, தொழுகையை நீட்டி உரையைச் சுருக்குவதே ஒருவரின் விளக்கத்துக்கு அடையாளம் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துக்காட்டினார்கள். இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. நம் மேடைகளின் தூண்களில் எழுதி ஒட்டத்தக்க செய்தி இது.

விடைபெறும் உரைகளுக்கெல்லாம் தலையாய உரை, ஹிஜ்ரி 10இல் அரஃபாப் பெருவெளியில் நிகழ்ந்தது. அண்ணலாரின் குரல் எட்டாத தொலைவில் இருந்தோர்க்காக, ரபீஆ இப்னு உமையா அவ்வாசகங்களை உரத்த குரலில் திருப்பிக் கூறினார் என வரலாற்றாசிரியர் எழுதுவர். ஒலிபெருக்கி இல்லாத காலத்தின் ஒலிபெருக்கி அவர். அவ்வுரையில் நாம் கருதத்தக்க ஒரு நுட்பம் உண்டு. வட்டியை ஒழிப்பதாக அறிவித்த நபி (ஸல்) அவர்கள், முதலில் தள்ளுபடி செய்தது தம் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு வரவேண்டிய வட்டியை. பழைய இரத்தப் பழிகளை நீக்கியபோது முதலில் நீக்கியது தம் குலத்தாருக்கு உரிய பழியை. பிறரிடம் வேண்டுவதைத் தம் இல்லத்தில் தொடங்கிவிட்டே வேண்டினார்கள்.

கற்று முடித்த மாணவனை வழியனுப்பும் ஆசிரியரின் அறிவுரை நம் மரபில் 'வஸிய்யத்' எனப்படும். யூஸுஃப் இப்னு காலித் என்னும் மாணவர் கூஃபாவில் கற்று முடித்துத் தம் ஊராகிய பஸராவுக்குப் புறப்படுகையில், இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் வழங்கியதாகக் கூறப்படும் வஸிய்யத் புகழ்பெற்றது. அதில் மார்க்கச் சட்ட நுணுக்கங்கள் மிகுதியாக இல்லை. ஊர் மக்களோடு எவ்வாறு பழகுவது, மாறுபட்ட கருத்துடையோரை எவ்வாறு மதிப்பது, மூத்தோரிடமும் இளையோரிடமும் எவ்வாறு நடப்பது என்பனவே அதில் நிறைந்துள்ளன. மாணவனுக்கு ஏடு தெரியும், இனி அவன் வாழப்போவது மனிதர்களோடு என்பதை அறிந்த ஆசான் தந்த உரை அது.

நிற்க. இவ்வரிசையில் நம் நெஞ்சைப் பெரிதும் தொட்டது இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'அய்யுஹல் வலத்' எனும் சிறு நூலாகும். 'அன்பு மகனே' என்பது அத்தலைப்பின் பொருள். பல ஆண்டுகள் இமாமிடம் பயின்று எல்லாக் கலைகளையும் முடித்த மாணவர் ஒருவருக்கு ஓர் ஐயம் எழுந்தது. இத்தனையும் கற்றோமே, இவற்றுள் நாளை கப்ரில் நமக்குத் துணை நிற்பது எது, உதவாதது எது என்று அவர் கடிதம் எழுதிக் கேட்டார். அதற்கு இமாம் வரைந்த மறுமொழியே அந்நூல்.

அதை எழுதியவர் யாரென எண்ணிப் பார்க்க வேண்டும். கி.பி. 1091இல் பக்தாதின் நிஸாமிய்யாக் கலாசாலையில் தலைமைப் பேராசிரியராக அமர்ந்தவர். அக்காலத்தில் அதைவிட உயர்ந்த கல்வி மேடை இல்லை எனலாம். அந்த மேடையில் நின்றவருக்கு 1095இல் நா எழவில்லை. பாடம் நடத்த முயன்றும் ஒரு சொல்கூட வெளிவரவில்லை என்றும், இறைவன் தம் நாவுக்குப் பூட்டிட்டுவிட்டான் என்றும் அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். புகழுக்காகப் பேசுகிறோமோ என்ற அச்சம் அவரை வாட்டியது. பதவியைத் துறந்து வெளியேறினார். இவ்வாறு பேச்சை இழந்து மீண்டும் பெற்ற ஒருவர், விடைபெறும் மாணவருக்கு என்ன எழுதுவார்?

அறிவு மட்டும் காக்காது, செயலாக மாறினாலே காக்கும் என்பதை அவர் பல உவமைகளால் விளக்குகிறார். பாலைவனத்தில் ஒருவன் பத்து இந்திய வாள்களையும் வேறு படைக்கலங்களையும் சுமந்து செல்கிறான். சிங்கம் பாய்கிறது. வாளை உருவாமல் நின்றால் அவ்வாள்கள் அவனைக் காக்குமோ என்பது ஓர் உவமை. நம் நாட்டு வாள் அந்நாளில் அத்துணைப் பெயர் பெற்றிருந்தது என்பதும் இதனால் விளங்கும். மக்களுக்கு உபதேசம் செய்வதைப் பற்றி எழுதுமிடத்தில் மற்றோர் உவமை வருகிறது. ஒரு வீட்டை நோக்கி வெள்ளம் பாய்ந்து வருவதைக் காண்கிறாய். வீட்டுக்காரரும் குடும்பத்தாரும் உள்ளே இருக்கின்றனர். அப்போது, ஓடுங்கள் தப்பியுங்கள் என்று கூவுவாயா, அன்றி அலங்காரச் சொற்களைத் தேடிக்கொண்டு நிற்பாயா? உபதேசம் செய்வோனின் நிலை இதுதான் என்கிறார் இமாம்.

இவ்வுவமையைப் பாலாற்றுக் கரையில் வாழும் நம்மவர்க்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1903ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் வாணியம்பாடி நகரம் பட்ட பாடு தலைமுறைகளாகப் பேசப்பட்டு வருகிறது. இன்று மணல்வெளியாகக் கிடக்கும் ஆறுதான் அன்று வீடுகளையும் மக்களையும் வாரிக்கொண்டு போயிற்று. அந்நாளில் கரையோரம் நின்று கூவியவன் எவனும் எதுகை தேடியிருக்க மாட்டான்.

ஆகவே ஓர் உரை கனமானதா அன்றா என்பதை அளக்க நமக்கு ஓர் அளவுகோல் கிடைத்துவிட்டது. பேசுவோர் வெள்ளத்தைக் கண்டவரா? கேட்போர் வீட்டுக்குள் இருப்பதை உணர்ந்தவரா? இவ்விரு வினாக்களோடு நம் நாட்டுப் பட்டமளிப்பு மேடைகளை நோக்குவோம்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857 செப்டம்பரில் சட்டத்தால் நிறுவப்பட்டது. அதன் முதல் இளங்கலைப் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள். சி.வை. தாமோதரம் பிள்ளை ஒருவர், கரோல் விசுவநாத பிள்ளை மற்றவர். மெரீனாக் கடற்கரையில் 1879இல் முடிவுற்ற செனட் மண்டபம் நெடுங்காலம் பட்டமளிப்புக்கு அரங்காயிற்று. அங்கே கறுப்பு அங்கி அணிந்து நின்ற இளைஞரைப் பார்த்து, பெற்ற பட்டத்துக்கு வாழ்விலும் நடத்தையிலும் தகுதியுடையோராக விளங்குக என்று ஆணையிடும் வழக்கம் இருந்தது. ஆளுநர்களும் நீதிபதிகளும் ஆங்கிலத்தில் நீண்ட உரைகளை நிகழ்த்தினர். அவ்வுரைகள் பின்னர் தொகுதியாகவும் அச்சேறின. இன்று அவற்றைப் படிப்போர் அரியர். ஆனால் அம்மேடைக்கு முதலில் உரியவரான தாமோதரம் பிள்ளை, செல்லரித்த ஏடுகளைத் தேடித் தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் அச்சில் ஏற்றினார். அழிந்துபோகவிருந்த தமிழ்ச் செல்வத்தைக் காக்க அவர் செய்த பணி, எந்த உரையினும் நீண்டு நிற்கிறது.

1920 அக்டோபர் 29, வெள்ளிக்கிழமை. அலிகரில் ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யாவின் தொடக்க விழா. ஆங்கில அரசின் உதவி பெறும் கல்லூரியை விட்டு வெளியேறிய மாணவர்களே அக்கூட்டத்தில் பெரும்பாலோர். தலைமை ஏற்றவர், மால்டாத் தீவுச் சிறையிலிருந்து அவ்வாண்டுதான் மீண்டிருந்த ஷைகுல் ஹிந்த் மௌலானா மஹ்மூதுல் ஹஸன் (ரஹ்). நோயால் அவர்களால் நின்று பேச இயலவில்லை. அவர்களின் தலைமையுரையை மாணவர் மௌலானா ஷப்பீர் அஹ்மத் உஸ்மானி வாசித்தார். தம் உள்ளத்து வேதனையைப் பங்கிடுவோர் மதரஸாக்களிலும் கானகாக்களிலும் இருப்பதைவிடப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மிகுதி எனக் கண்டதாகவும், அதனாலேயே அலிகரை நோக்கி ஓரடி எடுத்துவைத்ததாகவும் அவ்வுரையில் அப்பெரியார் கூறியிருந்தார்கள். தேவ்பந்தின் தலையாய ஆசான், தாம் வாழ்நாளெல்லாம் நின்ற அணியைக் குறித்தே கூறிய சொல் அது. அப்படிக் கூறுவதற்கு எத்துணை நேர்மை வேண்டும்! ஒரு மாதங்கழித்து, நவம்பர் 30இல், அவர்கள் இறையடி சேர்ந்தார்கள். குரல் எழாத நிலையிலும் அவ்வுரை இன்றுவரை கேட்கிறது.

இனி நம் வட்டாரத்துக்கே வருவோம். வேலூரில் ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் (ரஹ்) நிறுவிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸாவிலிருந்து வெளியேறிய பாகவிகளும், ஆம்பூரை அடுத்த உமராபாத்தில் காக்கா முஹம்மது உமர் 1924இல் நிறுவிய தாருஸ்ஸலாமிலிருந்து வெளியேறிய உமரிகளும் தமிழகமெங்கும், கேரளத்திலும் இலங்கையிலும்கூட, அறிவொளி பரப்பியதை வாசகர்கள் அறிவர். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியோ 1919இல் தோன்றியது. ஆனால் இதே வேலூரில் 1922இல் நிகழ்ந்த மற்றொரு பட்டமளிப்பை நம்மவர் அவ்வளவாக நினைப்பதில்லை. பெண்களுக்கெனத் தொடங்கிய மருத்துவப் பள்ளியிலிருந்து முதல் அணியாகப் பதினான்கு பெண்கள் வெளியேறிய நாள் அது. அவர்களை நோக்கி உரை நிகழ்த்தியவர் அப்பள்ளியை 1918இல் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்.

அவர் ஒரு கிறித்துவ ஊழியக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய தந்தையும் மருத்துவர். 1890களின் தொடக்கத்தில், இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் பெற்றோருடன் தங்கியிருந்தபோது ஓரிரவு நிகழ்ந்ததை அவர் வாழ்நாள் முழுதும் கூறிவந்தார். அவ்விரவில் மூன்று கணவன்மார் ஒருவர் பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினர். ஒவ்வொருவரின் மனைவியும் பேறுகால வேதனையில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள். என் தந்தை மருத்துவர், அவரை அழைத்துச் செல்லுங்கள் என்றார் ஐடா. ஆடவர் ஒருவர் எம் பெண்டிரைத் தொடுவதா என மறுத்து மூவரும் திரும்பிப் போயினர். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தனர். வந்த மூவருள் இருவர் இந்துக்கள், ஒருவர் முஸ்லிம்.

அந்த இரவே அவரை மருத்துவராக்கியது. அமெரிக்காவில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899இல் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு பணியைத் தொடங்கினார். பின்னர் வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையில், மரத்தடிகளில் நோயாளிகளைப் பார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்தினார். தாம் ஒருவர் போதாது, இந்நாட்டுப் பெண்களே மருத்துவர்களாக வேண்டும் என்று பள்ளி தொடங்க முனைந்தபோது, மூவர் விண்ணப்பித்தாலே அதிகம் என்று அரசு மருத்துவத் துறையின் தலைவர் ஐயுற்றார். அந்த ஐயத்தைக் கடந்து வந்தவர்களே 1922இல் அவர் முன் நின்ற பதினால்வர்.

அவர்களிடம் அம்மையார் கூறியதன் சாரம் இதுவே: நோயைத் தீர்ப்பதோடு உங்கள் பணி முடிவதில்லை, கொள்ளை நோய்களோடு போரிட்டு அவை வராமலே தடுக்கவும் வேண்டும். நன்றியை எதிர்நோக்கிக் காத்திராதீர்கள். மிகவும் எதிர்பார்த்த இடத்திலேயே அது கிடைக்காமற் போகலாம். சோதனைகளைப் புன்முறுவலோடும் நிமிர்ந்த தலையோடும் சந்தியுங்கள். இச்சொற்களில் புதுமை என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். மூன்று சாவுகளைக் கண்டு, முப்பது ஆண்டுகள் உழைத்த பின் சொல்லப்பட்டதே அதன் புதுமை. இமாம் கஸ்ஸாலி கூறிய வெள்ளத்தை அந்த அம்மையார் தம் கண்ணால் கண்டிருந்தார். 1960இல் அவர் மறைந்தார். அவர் விதைத்த நிறுவனம் இன்று ஜவ்வாது மலையின் சிற்றூர்களுக்கும் மருத்துவம் கொண்டு செல்கிறது.

1948 ஜனவரி 24இல் அலிகர் பல்கலைக்கழகப் பட்டமளிப்பில் ஜவாஹர்லால் நேரு ஆற்றிய உரையையும் இவ்வரிசையில் சேர்க்கலாம். நாடு பிளவுண்டு குருதி உலராத காலம். இந்நாட்டின் தொன்மைப் பெருமையில் தமக்குள்ள உரிமை அம்மாணவர்க்கும் உண்டு என்று கூறி, அதை நீங்கள் உங்களுடையதாக உணர்கிறீர்களா என்று அவர்களையே கேட்டார். ஆறு நாட்களில் காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார். வெள்ளம் எத்துணை அருகில் இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இவற்றையெல்லாம் படித்து முடித்த நம் உள்ளம், மீண்டும் மீண்டும் அந்தத் திண்டிவனத்து முஸ்லிம் கணவரிடமே சென்று நின்றது. அவர் கொடியவர் அல்லர். கொடியவராயின் நள்ளிரவில் உதவி தேடி ஓடி வந்திருக்க மாட்டார். மார்க்கம் தடுக்கிறது என்று அவர் நம்பியிருக்க வேண்டும், அல்லது ஊர் ஏசும் என்று அஞ்சியிருக்க வேண்டும். ஆனால் நெருக்கடி நிலை, தடுக்கப்பட்டதையும் ஆகுமாக்கும் என்பது நம் ஃபிக்ஹு நூல்களின் அடிப்படை விதிகளுள் ஒன்று. பெண் மருத்துவர் கிடைக்காதபோது ஆண் மருத்துவர் தேவையான அளவு பார்க்கலாம் என்பது மதரஸா மாணவர் அனைவரும் ஓதும் பாடம். அப்பாடம் ஏட்டில் இருந்தது. அந்த வீட்டுக்கு வந்து சேரவில்லை. பத்து இந்திய வாள்களும் உறைக்குள்ளேயே கிடந்தன. அதைக் கொண்டு சேர்த்திருக்க வேண்டியவர் யார்? என்றோ ஒருநாள் தலைப்பாகை கட்டிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி வந்த ஓர் ஆலிம் அல்லவா?

நாம் பேச வேண்டியது என்ன என்பது அப்போது நமக்குத் தெளிவாயிற்று.

எழுதத் தொடங்கினோம். முதற்படியில் ஒன்பது பக்கம் வந்தது. அதில் நாம் கண்டறியாத செய்திகளை, கேட்போர் கைதட்டுவார்கள் என்பதற்காக மட்டும் எழுதியவற்றை அடித்தோம். நான்கு பக்கமாயிற்று. பின் வீட்டில் உரக்கப் படித்துப் பார்த்தோம். மூச்சு முட்டிய தொடர்களை இரண்டாகப் பிரித்தோம். நம் மனைவியார் அடுக்களையிலிருந்து, "அந்த அரபி வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல மாட்டீர்களா?" என்று கேட்ட இடங்களில் தமிழை இட்டோம். இறுதியில் இரண்டு பக்கம் எஞ்சியது. அதை மனப்பாடம் செய்யவில்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டோம். மறதியை மறைப்பதைவிடத் தாளைக் காட்டுவது கண்ணியம் என்பதை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கற்றிருந்தோமல்லவா!

விழா நாளன்று பந்தலுக்குப் பின்னே ஜவ்வாது மலை இருண்டு நின்றது. அம்மலையின் மேல் காவலூரில் வானாய்வுக்கூடம் இருப்பதை எழுவரும் அறிவர். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கியை நம் நாட்டிலேயே வடிவமைத்து உருவாக்கும் பணியைத் தொடங்கியவர் வைணு பாப்பு. 1982இல் அவர் இறந்தார். 1986 ஜனவரி 6இல் அத்தொலைநோக்கிக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டபோது அதைக் காண அவர் இல்லை. உலக முடிவே வந்துவிட்டாலும் கையிலுள்ள கன்றை நட்டுவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியதை இம்மலையைப் பார்த்துக்கொண்டே நாம் எடுத்துரைத்தோம். அதன்பின் திண்டிவனத்து இரவைச் சொன்னோம். மாணவர்களின் முகத்தைப் பார்த்தே சொன்னோம். "நாளை நீங்கள் இமாமாகச் செல்லும் ஊரில், நள்ளிரவில் ஒருவர் உங்கள் கதவைத் தட்டுவார். நீங்கள் ஓதியது அனைத்தும் அந்த ஒரு நாழிகைக்காகவே என்று எண்ணிக்கொள்ளுங்கள்" என்று முடித்தோம். பன்னிரண்டு நிமிடங்கள் ஆயின. திரைக்கு அப்பால் பெண்கள் பகுதியில் அதுவரை இருந்த சலசலப்பு அடங்கியிருந்ததை இறங்கும்போதுதான் உணர்ந்தோம்.

விருந்து முடிந்து புறப்படுகையில், எழுவருள் இளையவரான மாணவர் நம் செருப்பை எடுத்து வைத்துவிட்டுத் தயங்கி நின்றார். "ஹஜ்ரத், கதவைத் தட்டுபவர் கேட்கும் மஸ்அலாவுக்கு எனக்கு விடை தெரியாவிட்டால் என்ன செய்வது?" என்று கேட்டார். நாம் ஆயத்தம் செய்த இரண்டு பக்கங்களில் இதற்கு விடை இல்லை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் 48 வினாக்கள் கேட்கப்பட்டபோது 32க்குத் தெரியாது என்று கூறியதாக வரும் செய்தியைச் சொன்னோம். "தெரியாது என்று சொல்ல வெட்கப்படாதே. ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. கிதாபைப் பிறகு திறக்கலாம்" என்றோம்.

அவர் தலையசைத்தார். பேருந்தில் திரும்பி வருகையில் நம் உஸ்தாத் அவர்களின் பழைய கேள்வி நினைவுக்கு வந்தது. மேடையில் பேசியதில் பெரும்பகுதி முன்னோர் தந்தது. செருப்பு விடும் இடத்தில் நின்று சொன்னதை வேண்டுமானால் நம்முடையது எனலாம். அவ்வெழுவரின் கல்வியையும் மக்களுக்குப் பயன் தரும் கல்வியாக வல்ல இறைவன் ஆக்கி வைப்பானாக!